பதிவேடுகளின் பதிவேடு: வேறொரு தரவுத்தளத்தின் நெடுவரிசைப் பெயர்களைக் கேட்டு அறிதல்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'அட்டவணை' என்பது புதிய சொல் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இந்தப் பகுதியின் பல வீடுகளில் ஷிஃப்ட், லைன், பார்கோடு ஆகிய சொற்கள் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. பாகத்தின் மேல் ஒட்டிய பட்டைக் குறியை ஸ்கேன் செய்தால் திரையில் அதன் விவரம் வரும் என்பது வீட்டில் அப்பாவோ அக்காவோ சொல்லிக் கேட்ட செய்திதான். அந்த விவரம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியிலிருந்துதான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலில் தரவுத்தளக் கருத்துகள், எஸ்க்யூஎல், பைத்தான் வழியாகத் தரவுகளைக் கையாளுதல் ஆகியவை உள்ளன. கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் மைஎஸ்க்யூஎல், பிஎச்பி ஆகியவை உள்ளன. இவற்றை நடத்தி முடித்ததும் நான் சேர்க்கும் ஒரு விரிவாக்கப் பாடம் இது: நம் தரவுத்தளத்தில் இருந்துகொண்டு, வேறொரு தரவுத்தளத்தில் இருக்கும் அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்களை மட்டும் கேட்டுப் பெறுதல்; அதையும் ஒரு சேமிக்கப்பட்ட செயல்முறைக்குள் வைத்துச் செய்தல். பாடத்தின் முதல் பாதிக்குக் கணினியே தேவையில்லை. எனவே தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

பெயரை ஏன் கேட்க வேண்டும்?

ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொரு பட்டியலுக்கு மாற்றும்போது நாம் பெரும்பாலும் இடத்தை நம்புகிறோம். 'நாலாவது கட்டத்தில் இருப்பது பிறந்த தேதி' என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுகிறோம். பட்டியலை அனுப்பியவர் இடையில் ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஓர் இடம் தள்ளிப்போகும். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா பெயரும், கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் வங்கிக் கணக்கு எண்ணும் போய் உட்காரும். கணினி புகார் சொல்லாது. அதற்கு இரண்டும் எழுத்தும் எண்ணும்தான்.

இந்த இடம் தள்ளும் பிழையின் விலையைப் பட்டியலைத் தயாரித்தவர் கொடுப்பதில்லை. உதவித்தொகைக் குறுஞ்செய்தி வராத மாணவி கொடுக்கிறாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயரோ பிறந்த தேதியோ பிசகினால், அதைத் திருத்த வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டும். எனவே 'எத்தனையாவது கட்டம்?' என்று கேட்காமல் 'அந்தக் கட்டத்தின் பெயர் என்ன?' என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் உருவாக்க வேண்டும். இந்தப் பாடத்தின் முதன்மைக் கற்றல் விளைவாக நான் வைத்திருப்பது இதுவே.

கணினி இல்லாத செயல்பாடு (4 முதல் 8ஆம் வகுப்பு வரை)

தேவை: பழைய நாள்காட்டித் தாள்கள், ஸ்கெட்ச் பேனா.

1. வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளைப் பற்றி ஐந்து நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்றை எழுதட்டும். எங்கள் பகுதியில் பிள்ளைகள் எளிதில் தேர்ந்தெடுப்பது கம்பெனி பஸ்: தடம், நேரம், வண்டி எண், நிறுத்தம், ஷிஃப்ட்.

2. தலைப்பு வரிசையை மட்டும் மடித்து மறைத்துவிட்டு, தாளை அடுத்த குழுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கிய குழு, உள்ளே உள்ள விவரத்தைப் பார்த்துத் தலைப்பை ஊகிக்க வேண்டும்.

3. மடிப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். '6.30' என்பதைப் புறப்படும் நேரம் என்று ஒரு குழு எழுதியிருக்கும். எழுதியவர்கள் மனத்தில் இருந்தது வந்து சேரும் நேரமாக இருக்கும்.

4. இப்போது எதிர்த்திசையில் செய்யுங்கள். தலைப்புகளை மட்டும் காட்டி, 'இந்த அட்டவணையில் எவற்றைக் கேட்டு அறியலாம், எவற்றை அறிய முடியாது?' என்று கேளுங்கள்.

நான்காம் படிதான் முக்கியம். ஒரு வரிசைத் தரவைக்கூடப் பார்க்காமல், தலைப்புகளை வைத்தே அட்டவணையின் திறனையும் எல்லையையும் சொல்லிவிட முடியும் என்று பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்கிறார்கள். தமிழ்ப் பாடத்தில் நூலின் பொருளடக்கத்தைப் படித்து நூலைப் பற்றிப் பேசும் பயிற்சியோடும், சமூக அறிவியலில் வரைபடக் குறி விளக்கத்தைப் படிக்கும் பயிற்சியோடும் இதை இணைக்கலாம்.

பதிவேடுகளின் பதிவேடு

பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று பல உண்டு. இவை அனைத்தையும் பட்டியலிட்டு வைத்திருக்கும் இன்னொரு பதிவேடும் உண்டு. அதை நாம் பதிவேடுகளின் பதிவேடு என்கிறோம். அதில் மாணவர் பெயர் இருக்காது. என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன என்பதே இருக்கும். தரவுத்தளத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது.

உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் இட்டவர் எட்கர் எஃப். கோட். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இன்று நாம் பயன்படுத்தும் அட்டவணை முறைக்கு வித்து. 1981இல் டூரிங் விருது பெற்றார். 1985இல், ஒரு மென்பொருள் தன்னை உறவுநிலைத் தரவுத்தளம் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அது நிறைவு செய்ய வேண்டிய விதிகளை வகுத்தார். 12 விதிகள் என்று பெயர்; எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் எண்ணினால் 13 வரும் என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த துணுக்கு.

அவற்றில் நான்காம் விதி நம் பாடத்தின் மையம். தரவுத்தளத்தைப் பற்றிய விவரமும் சாதாரணத் தரவைப் போலவே அட்டவணைகளில் இருக்க வேண்டும்; அனுமதி உள்ளவர்கள் அதே வினவல் மொழியில் அதையும் கேட்டு அறிய முடிய வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது பதிவேடுகளின் பதிவேடும் ஒரு பதிவேடே. மாணவர் பெயரைத் தேட எந்தக் கட்டளையோ, அட்டவணையின் தலைப்புகளைத் தேடவும் அதே கட்டளை.

1992ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை இதற்கு 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்ற பொதுப் பெயரையும் வடிவத்தையும் தந்தது. 2005இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் 5.0 பதிப்பில் இந்த இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவும் சேமிக்கப்பட்ட செயல்முறைகளும் ஒருசேர வந்தன. நமக்குத் தேவையான இரண்டு கருவிகளும் ஒரே பெட்டியில் கிடைத்த ஆண்டு அது.

ஆய்வகத்தில்: ஆலையும் பதிவகமும்

எங்கள் பகுதிக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். ஆலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி உண்டு. அதை விஐஎன் என்பார்கள். ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பிவிடும் என்பதால் விலக்கிவிட்டார்கள். அதே வண்டி பதிவுக்குப் போகும்போது ஆர்சி புத்தகத்தில் அதே குறி 'சேஸிஸ் எண்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஒரே பொருள், இரண்டு இடங்களில் இரண்டு பெயர். வீட்டில் உள்ள வண்டியின் ஆர்சியைப் பார்த்து எழுத்துகளை எண்ணி வரச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்து வரட்டும். எண்ணையே எழுதி வர வேண்டாம்.

இப்போது மைஎஸ்க்யூஎல்-இல் இரண்டு தரவுத்தளங்களை உருவாக்குகிறோம். 'ஆலை' என்பதில் 'வண்டி' என்ற அட்டவணை: விஐஎன், மாதிரி, நிறம், உற்பத்தி_நாள். 'பதிவகம்' என்பதில் 'பதிவு' என்ற அட்டவணை: பதிவு_எண், சேஸிஸ்_எண், உரிமையாளர், பதிவு_நாள். நெடுவரிசைப் பெயரைத் தமிழிலேயே வைக்க மைஎஸ்க்யூஎல் இடம் தருகிறது. பெயரின் நடுவே இடைவெளி விட்டால் மட்டும் பின்சாய்ந்த மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். எனவே அடிக்கோடு இட்டு எழுதுவது நல்லது.

நாம் 'ஆலை'யில் நிற்கிறோம். 'பதிவகம்' வெளித் தரவுத்தளம். அதன் தலைப்புகளைக் கேட்கும் வினவல் இது. கட்டளைச் சொற்களை ஒலிப்பெயர்ப்பில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் இட வேண்டும். பிள்ளைகள் 'காலம்' என்று சொல்லும்போது பொழுதைக் குறிக்கும் காலத்தோடு குழம்புகிறது. எனவே கட்டளைக்கு வெளியே நெடுவரிசை என்றே சொல்லிப் பழக்குகிறேன்.

செலெக்ட் காலம்_நேம்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் டேபிள்_ஸ்கீமா = 'பதிவகம்'
அண்ட் டேபிள்_நேம் = 'பதிவு'
ஆர்டர் பை ஆர்டினல்_பொசிஷன்;

விடையாக நான்கு வரிசைகள் வரும்: பதிவு_எண், சேஸிஸ்_எண், உரிமையாளர், பதிவு_நாள். அட்டவணையில் குறுக்கே இருந்த தலைப்புகள் இங்கே கீழ்நோக்கி வரிசைகளாக வந்திருப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். நெடுவரிசை தரவாக மாறிவிட்டது. இந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். பலருக்குப் பொறி தட்டுவது இங்கேதான்.

கடைசி வரியை விட்டுவிட்டாலும் பெயர்கள் வரும். ஆனால் அட்டவணையில் இருக்கும் அதே வரிசையில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. ஆர்டினல் பொசிஷன் என்பது நெடுவரிசையின் இட எண். அதைச் சொன்னால்தான் வரிசை உறுதி.

செயல்முறைக்குள் வைத்தல்

ஒவ்வொரு முறையும் இந்த ஐந்து வரிகளை எழுதாமல், ஒரு பெயரிட்டுச் சேவையகத்திலேயே சேமித்து வைப்பதுதான் சேமிக்கப்பட்ட செயல்முறை. தரவுத்தளப் பெயரையும் அட்டவணைப் பெயரையும் அழைக்கும்போது கொடுக்கலாம்.

டிலிமிட்டர் //
கிரியேட் ப்ரொசீஜர் ஆலை.தலைப்புகள்
(இன் கே_தளம் வார்கேர்(64), இன் கே_அட்டவணை வார்கேர்(64))
பிகின்
செலெக்ட் காலம்_நேம்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் டேபிள்_ஸ்கீமா = கே_தளம்
அண்ட் டேபிள்_நேம் = கே_அட்டவணை
ஆர்டர் பை ஆர்டினல்_பொசிஷன்;
எண்ட் //
டிலிமிட்டர் ;

அழைக்கும் முறை: கால் ஆலை.தலைப்புகள்('பதிவகம்', 'பதிவு');

இதில் விளக்க வேண்டியவை மூன்று. ஒன்று, டிலிமிட்டர். செயல்முறைக்குள் அரைப்புள்ளி வருவதால், அங்கேயே கட்டளை முடிந்துவிட்டது என்று மென்பொருள் நினைத்துவிடும். எனவே முடிவுக் குறியைத் தற்காலிகமாக மாற்றி, பின்பு பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம். இரண்டு, 64 என்ற எண். மைஎஸ்க்யூஎல்-இல் தரவுத்தளம், அட்டவணை, நெடுவரிசை ஆகியவற்றின் பெயர் 64 குறிகளுக்கு மேல் போகாது.

மூன்றாவது 'கே_' என்ற முன்னொட்டு. கேட்கும் மதிப்பு என்பதற்கான அடையாளமாக அதை வைத்தோம். அது எதற்கு என்று சொல்லிக்கொடுப்பதைவிட, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவது நல்லது. அளபுருவுக்கு டேபிள்_நேம் என்றே பெயர் வைக்கச் சொல்லுங்கள். நிபந்தனை 'டேபிள்_நேம் = டேபிள்_நேம்' என்று ஆகிவிடும். இயக்கினால் பதிவு அட்டவணையின் நான்கு தலைப்புகளோடு அந்தத் தரவுத்தளத்தில் உள்ள எல்லா அட்டவணைகளின் தலைப்புகளும் வரும். வித்தியாசம் தெரிவதற்காகப் 'பதிவகம்' தளத்தில் முன்கூட்டியே இன்னும் இரண்டு அட்டவணைகளை உருவாக்கி வைத்திருங்கள்.

"மிஸ், நான் ஒண்ணுதானே கேட்டேன், இவ்ளோ வருது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. 'ராமன் வீட்டுக்கு வந்த ராமன்' என்றால் எந்த ராமன் என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். செயல்முறைக்குள் நெடுவரிசைக்கும் அளபுருவுக்கும் ஒரே பெயர் இருந்தால், மைஎஸ்க்யூஎல் அதை அளபுரு என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அதே மதிப்பு. எனவே நிபந்தனை எப்போதும் உண்மை. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் சேர்ந்து பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். பிழைச் செய்தி வராத பிழைதான் ஆபத்தானது என்பதை அவர்களே சொன்னார்கள்.

கேட்டதை வைத்துச் சரிபார்த்தல்

தலைப்புகளை வாங்கிப் பார்ப்பதோடு நின்றால் பாதி வேலைதான். தரவை எடுப்பதற்கு முன்பு, நாம் எதிர்பார்க்கும் தலைப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். 'ஆலை'யில் 'எதிர்பார்ப்பு' என்ற சிறு அட்டவணையை உருவாக்கி, சேஸிஸ்_எண், பதிவு_நாள் ஆகிய இரண்டு பெயர்களை அதில் இடுங்கள். அதை இன்ஃபர்மேஷன் ஸ்கீமா அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்து, இணை கிடைக்காதவற்றை எண்ணினால் விடுபட்டவை தெரியும். எண்ணிக்கை சுழியத்துக்கு மேல் இருந்தால் 'சிக்னல்' கட்டளையால் செயல்முறையை நிறுத்தி, 'நெடுவரிசை காணவில்லை' என்று செய்தி தரலாம்.

ஒரு குழு 'பதிவகம்' தளத்தில் சேஸிஸ்_எண் என்பதை விஐஎன் என்று மாற்றட்டும். இன்னொரு குழு தன் செயல்முறையை இயக்கட்டும். தவறான தரவு ஓசையின்றி உள்ளே போவதற்குப் பதிலாக வாசலிலேயே நிற்கும். தொழிற்சாலையில் தவறான பாகம் பொருந்தாதபடி லைனிலேயே தடை வைப்பதைப் பெற்றோரிடம் கேட்டு வந்த மாணவர்கள், இதையும் அதையும் ஒப்பிட்டுப் பேசினார்கள்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

விடை வெறுமையாக வந்தால்: பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், அப்படி ஓர் அட்டவணையே இல்லாமல் இருக்கலாம், இருந்தும் நமக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். மூன்றுக்கும் விடை ஒன்றே, சுழியம் வரிசை. அனுமதி உள்ளவற்றை மட்டுமே இன்ஃபர்மேஷன் ஸ்கீமா காட்டும். 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று இங்கே சொல்லலாம்.

யாருடைய அனுமதி: மைஎஸ்க்யூஎல்-இல் சேமிக்கப்பட்ட செயல்முறை இயல்பாக அதை உருவாக்கியவரின் அனுமதியில் இயங்கும், அழைப்பவரின் அனுமதியில் அல்ல. தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தனுப்பியது போன்றது இது. அழைப்பவரின் அனுமதியில் இயங்க வேண்டுமானால் அதைச் செயல்முறையிலேயே குறிப்பிட வேண்டும்.

எல்லாப் பெயரையும் ஒரே வரியில் கேட்டால்: குரூப்_கான்கேட் என்ற செயற்கூறு தலைப்புகளைக் காற்புள்ளியிட்டுச் சேர்த்துத் தரும். ஆனால் மைஎஸ்க்யூஎல்-இல் அதன் இயல்பான எல்லை 1024 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். 'பிறந்த' என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ப, இகரக் குறி, ற, ந, புள்ளி, த என ஆறு குறி. ஆகவே 18 பைட். பத்துக் குறி கொண்ட தலைப்பு ஒன்றுக்குக் காற்புள்ளியோடு 31 பைட் ஆகும். அப்படியானால் 33 தலைப்புகளோடு எல்லை முடிந்துவிடும், மீதி வெட்டுப்படும். கணிதப் பாடத்துக்கும் இது நல்ல கணக்கு.

வேறு கணினியில் இருந்தால்: மேலே சொன்னதெல்லாம் ஒரே சேவையகத்தில் உள்ள இரண்டு தரவுத்தளங்களுக்கு. மைஎஸ்க்யூஎல்-இல் சேவையகம் முழுவதற்கும் ஒரே இன்ஃபர்மேஷன் ஸ்கீமா. எனவே தரவுத்தளப் பெயரைச் சாதாரண மதிப்பாகக் கொடுத்தாலே போதும். இன்னொரு கணினியில் உள்ள சேவையகத்தை அது அறியாது.

மற்ற மென்பொருள்களில்

உயர்கல்விக்கோ வேலைக்கோ போகும் பிள்ளைகள் வேறு மென்பொருள்களைச் சந்திப்பார்கள். கருத்து ஒன்றே, வாசல் வேறு.

எஸ்க்யூஎல் சர்வர்: ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி இன்ஃபர்மேஷன் ஸ்கீமா. எனவே தரவுத்தளப் பெயர் வினவலின் ஃப்ரம் பகுதியிலேயே வர வேண்டும். அதை அளபுருவாகக் கொடுக்க முடியாது. வினவலையே ஒரு சரமாகக் கட்டி இயக்க வேண்டும். அப்படிக் கட்டும்போது யாராவது பெயருக்குப் பதில் தீங்கான கட்டளையைத் தந்துவிடலாம். எனவே பெயரை 'கோட்நேம்' செயற்கூற்றால் பாதுகாப்பாக அடைக்க வேண்டும். வேறு சேவையகத்தை லிங்க்டு சர்வராக இணைத்திருந்தால், அதன் தலைப்புகளைத் தர 'எஸ்பி_காலம்ஸ்_இஎக்ஸ்' என்ற ஆயத்தச் செயல்முறை உண்டு.

ஆரக்கிள்: இன்ஃபர்மேஷன் ஸ்கீமா இல்லை, 'ஆல்_டேப்_காலம்ஸ்' என்ற காட்சி அந்த வேலையைச் செய்கிறது. வெளித் தளத்துக்கு அதன் பின்னால் அட் குறியும் இணைப்பின் பெயரும் சேர்க்க வேண்டும். மேற்கோள் குறி இல்லாமல் உருவாக்கிய ஆங்கிலப் பெயர்கள் பெரிய எழுத்தில் சேமிக்கப்படுவதால், சிறிய எழுத்தில் தேடினால் கிடைக்காது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்: ஒரு தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றை நேரடியாகத் தொட முடியாது. வெளி அட்டவணையாக இறக்கிக்கொண்டால் அதன் தலைப்புகள் நம் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் தெரியும். ஆனால் அது இறக்கிய நாளின் நிழற்படம்தான். அங்கே தலைப்பு மாறினால் இங்கே தானாக மாறாது.

எஸ்க்யூலைட்: சேமிக்கப்பட்ட செயல்முறையே இல்லை. 'அட்டாச்' கட்டளையால் இன்னொரு கோப்பை இணைத்து, 'ப்ராக்மா டேபிள்_இன்ஃபோ' கட்டளையால் தலைப்புகளைக் கேட்கலாம். பைத்தானில் கர்சரின் 'டிஸ்கிரிப்ஷன்' பண்பிலும் அவை கிடைக்கும். ஆய்வகத்தில் மைஎஸ்க்யூஎல் இல்லாத பள்ளிகள் பைத்தான் செயற்கூறு ஒன்றை எழுதி இந்தப் பாடத்தை நடத்தலாம்.

தலைப்பு சொல்லாதவை

இந்தப் பாடத்தை இன்னும் ஓர் அடி கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது வகுப்பறையைப் பார்த்துத்தான். தொழிற்சாலை வேலைக்காக ஒடிசா, பிகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் பகுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெயருக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்தை இடுவது நம் வழக்கம். எனவே நம் படிவங்களில் 'தலைப்பெழுத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் முந்தைய பள்ளி ஆவணத்தில் குடும்பப் பெயர் பின்னால் வரும். தலைப்பெழுத்து என்ற ஒன்றே இருக்காது.

இரண்டு பட்டியல்களின் தலைப்புகளையும் நம் செயல்முறை ஒரு நொடியில் அடுக்கிவிடும். 'தலைப்பெழுத்து' இங்கே உண்டு, அங்கே இல்லை. 'குடும்பப்_பெயர்' அங்கே உண்டு, இங்கே இல்லை என்றும் சொல்லிவிடும். குடும்பப் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுவிடலாமா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அப்படி இட்டால் பிள்ளையின் ஒரு சான்றிதழில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் ஆகிவிடும். பெற்றோரைக் கேட்டு, கையில் உள்ள பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. விஐஎன், சேஸிஸ் எண் இரண்டும் வேறு பெயரில் உள்ள ஒரே பொருள். தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும் அப்படி அல்ல. இந்த வேறுபாட்டை வகுப்பில் விவாதிக்க வைத்தேன். அதிகம் பேசியவர்கள் வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளே. தங்கள் பெயர் எப்படி அமைந்தது என்று அவர்கள் கரும்பலகையில் எழுதி விளக்கினார்கள்.

இந்தச் செயல்பாட்டுக்கு உண்மையான மாணவர் பட்டியலைப் பயன்படுத்த வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குத் தனிக் கவனம் கோருகிறது. கற்பனைப் பெயர்களே போதும். நாம் கற்பிப்பது தலைப்புகளை, தரவை அல்ல.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஓர் அட்டவணையின் தரவைப் பார்க்காமல் அதன் தலைப்புகளை மட்டும் கேட்பதால் கிடைக்கும் இரண்டு பயன்களை எழுதுக.

2. 'தலைப்புகள்' செயல்முறையை அழைத்தபோது ஒரு வரிசையும் வரவில்லை. காரணம் எவையாக இருக்கலாம்? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பாய்?

3. அளபுருவுக்கு டேபிள்_ஸ்கீமா என்று பெயர் வைத்து, அட்டவணையின் அளபுருவுக்குக் கே_அட்டவணை என்றே விட்டால் விடை எப்படி இருக்கும்? இயக்குவதற்கு முன் ஊகித்து எழுதுக. (குறிப்பு: வேறொரு தரவுத்தளத்திலும் 'பதிவு' என்ற அட்டவணை இருப்பதாகக் கொள்க.)

4. உன் வீட்டில் உள்ள ஏதேனும் இரண்டு ஆவணங்களில் ஒரே பொருள் வெவ்வேறு தலைப்பில் வருகிறதா? ஒரே தலைப்பு வெவ்வேறு பொருளில் வருகிறதா? தலைப்புகளை மட்டும் எழுதுக.

ஊகத்துக்கும் இயக்கிய பின் எழுதும் காரணத்துக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறேன். ஊகம் தவறினாலும் காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். நான்காம் வினாவுக்கு வந்த விடைகளில், மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவை பல. சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற தலைப்பின் கீழ் என்னென்ன வருகின்றன என்று அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததாக ஒரு விடைத்தாளில் இருந்தது. இந்தப் பாடத்துக்கு ஒதுக்க வேண்டியது மூன்று பாடவேளைகள்: கணினி இல்லாத செயல்பாட்டுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, விவாதத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஒன்று. மூன்றில் எதையாவது குறைக்க நேர்ந்தால் விவாதத்தைக் குறைத்துவிடாதீர்கள்.